கை எம்பிராய்டரி: நூலைப் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் பத்துப் பதினைந்து தையல் வகைகளை ஒரே மூச்சில் கற்றுக்கொள்ளப் பார்ப்பார்கள். அது வேண்டாம். கோடு போடும் காம்புத் தையல், வடிவத்தை நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல், புள்ளிபோல் நிற்கும் பிரெஞ்சு முடிச்சு மூன்றும் கைவந்துவிட்டால் தண்டு, இலை, பூ, மகரந்தம் எல்லாம் போட்டுவிடலாம்.

முதல் துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்கட்டும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தொடுங்கள். துவைக்காத துணி பிறகு சுருங்கும், தையலைச் சுற்றிச் சுருக்கம் விழும். துணியை விறைப்பாகப் பிடிக்க 5 அல்லது 6 அங்குல மர வளையம் போதும். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் துணி நழுவாது. விரலால் தட்டினால் மேளம்போல் விறைப்பாக இருக்க வேண்டும். தைக்காத நேரத்தில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தடம் பதியும்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் உண்டு. சுமார் 45 செ.மீ. வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி, வேண்டிய இரண்டை மறுபடி சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் சிக்கும். பிரித்துச் சேர்த்த இழைகள்தாம் படுக்கையாகப் படியும், பளபளப்பு அதில்தான் இருக்கிறது. நீளமாக வெட்டினால் துணிக்குள் பலமுறை போய்வந்து நூல் பஞ்சாகிவிடும். இரண்டு இழைக்கு 8 அல்லது 9 எண் ஊசி சரி. எண் கூடக் கூட ஊசி மெலியும்.

முடிச்சுப் போட்டுத் தொடங்காதீர்கள், முன்பக்கம் புடைக்கும். 5 செ.மீ. வால் விட்டுத் தைத்து, பிறகு பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்துவிடுங்கள்.

காம்புத் தையலை வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போட வேண்டும். ஒவ்வொரு தையலும் 5 மி.மீ. முந்தைய தையலின் பாதியில் ஊசி வெளியே வர வேண்டும், நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒருமுறை மேலே போனாலும் கயிறு முறுக்கிய தோற்றம் அந்த இடத்தில் அறுந்துபோகும். வளைவில் தையலைப் பாதியாகக் குறையுங்கள்.

சாட்டின் தையலில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். ஓரம் பிசிறடிப்பதற்குக் காரணம் கை அல்ல, அடித்தளம் இல்லாததுதான். வடிவத்தின் கோட்டில் முதலில் பின் தையல் (ஒவ்வொரு முறையும் ஊசி பின்னோக்கிப் போய் முந்தைய தையலைத் தொடும் கோட்டுத் தையல்) போட்டு, அதை மூடியபடி நிரப்புங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கம் முடித்து, மீண்டும் நடுவுக்கு வந்து மறுபக்கம் போனால் சாய்வு மாறாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும் தையல் எதிலாவது மாட்டிக்கொள்ளும். அகலமான இதழை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பிரெஞ்சு முடிச்சுக்கு நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, வெளியே வந்த துளைக்குத் துணியின் ஓரிழை தள்ளிக் குத்துங்கள். அதே துளையில் குத்தினால் முடிச்சு உள்ளே ஓடிவிடும். ஊசியை இழுத்து முடிக்கும்வரை இடக்கை நூலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும்.

தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும். அவ்வப்போது துணியைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுழன்று அவிழும்.

நீரில் கரையும் பேனாவால் வரைந்திருந்தால், கோடு முழுக்கப் போகும்வரை குளிர்ந்த நீரில் அலசிய பிறகே இஸ்திரி. சூடு பட்டால் கோடு நிலைத்துவிடலாம். சிவப்பு, கருநீல நூல்களை தைக்கும் முன்பே ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள், சாயம் போவது தெரிந்துவிடும். கடைசியாக, தடித்த துவாலையில் வேலைப்பாட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்த்துவிடுங்கள். முடிச்சுகள் நசுங்காது.