பி.எட். விண்ணப்பிக்கும் முன்

முதலில் எந்த வகுப்புக்குப் பாடம் நடத்த ஆசை என்பதை முடிவு செய்யுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் பி.எட். உதவாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குரியது பிளஸ் 2 முடித்தவர்கள் சேரும் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். மதுரை மாவட்டத்தில் அதற்கான அரசு நிறுவனம் தே.கல்லுப்பட்டியில் இருக்கிறது. திருமங்கலம், பேரையூர் பக்கத்துப் பிள்ளைகள் இதை விட்டுவிட்டுத் தனியார் நிறுவனங்களைத் தேடி அலைவது எனக்குப் புரிவதே இல்லை.

பி.எட்.தான் என்றால், பட்டப்படிப்பில் எடுத்த பாடம் பள்ளிப் பாடத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணி நியமன நேரத்தில் இணைத்தன்மைச் சிக்கல், அதாவது உங்கள் பட்டம் அந்தப் பாடத்துக்கு இணையானதா என்ற கேள்வி, வரும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) அங்கீகாரமும், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உண்டா என்பதை அவற்றின் இணையதளங்களிலேயே சரிபாருங்கள். 'வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதுங்கள்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுப்பதுதானே இந்தப் படிப்பின் உயிர்!

சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றிதழையும் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்குங்கள். அரசு வேலைக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அது தேவைப்படும்.