பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன்

“அண்ணாச்சி, மூணு மாசமா டிஸ்பிளே வரல. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவமா?”

பக்கத்துத் தெருத் தம்பி தூக்கிவந்த சிபியுவைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி மண். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்று பாளையங்கோட்டையில் எந்த வீட்டையும் விட்டுவைப்பதில்லை. பள்ளிக்கூடத்து நாளில் பிடித்த கிறுக்கு, இன்றும் பழைய பெட்டிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் என் முதல் சந்தேகம் ராம் என்கிற நினைவகப் பட்டை மேல்தான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடியும். கீழே விரிக்கப் பத்தமடைப் பாய் போதும், நைலான் விரிப்பு வேண்டாம். பாகங்களைத் தொடும் முன் பெட்டியின் வெறும் தகரத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் ராமைக் கொன்றுவிடும். பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் அதன் கெப்பாசிட்டரில் அடி காத்திருக்கும்.

எதையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுங்கள். பவர் பட்டனிலிருந்து வரும் நூல் மாதிரி ஒயர்கள் எந்த ஊசியில் மாட்டியிருந்தன என்பது பிறகு சத்தியமாக நினைவிருக்காது.

தூசியை மொட்டைமாடியில் வைத்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ப்ளோயர் இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். நான் ஒருதடவை பிடிக்காமல் ஊதினேன்; அன்றிலிருந்து அந்த ஃபேன் ஓடினால் மாவு மில் சத்தம்.

இனி ராம். இரண்டு ஓரத்துக் கொக்கிகளையும் வெளியே தள்ளினால் தானாக எழும்பும். அடியில் வரிசையாகத் தங்கநிறப் பட்டைகள் தெரியும். அதில் படியும் அழுக்குதான் வில்லன். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் இருபுறமும் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பூச்சையே உரித்துவிடும். துகளைத் துணியால் துடைத்து, ராமின் அடியில் உள்ள வெட்டு, அது உட்காரும் பள்ளத்தின் மேட்டோடு பொருந்துகிறதா பார்த்து, இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ‘டக்’ என்று கொக்கி மூட வேண்டும். உட்காரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், திருப்பிப் பிடித்திருப்பீர்கள். ராமிலும் தலைமுறை உண்டு; டிடிஆர்2-க்கான மதர்போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டும் தாய்ப்பலகை) அடுத்த தலைமுறை டிடிஆர்3 ஏறவே ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

அப்படியும் வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கி ராம் மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் ஸ்பீக்கர் இருந்து அது பீப் பீப் என்று அழுதால் சந்தோஷப்படுங்கள், மதர்போர்டு உயிரோடு இருக்கிறது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமை ஒவ்வொரு பள்ளத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

தம்பியின் பெட்டி ரப்பருக்கே மசிந்தது. திரையில் தேதி 2009 ஜனவரி என்று காட்டியது. அப்படிக் காட்டினால் போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட், எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். மாற்றாவிட்டால் தேதி தப்பாகவே நிற்கும், பல இணையதளங்கள் பாதுகாப்பு இல்லை என்று திறக்க மறுக்கும்.

மூடியின் ஸ்க்ரூவை மட்டும் அன்றே முறுக்கிவிடாதீர்கள், இரண்டு நாள் ஓடட்டும். முறுக்கிய அன்றைக்குத்தான் எனக்கு எப்போதும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.