கடலோர வீட்டில் சத்தமில்லாத கம்ப்யூட்டர்: ரேடியேட்டர் மாட்டும் முறை

வாட்டர் கூலிங் கம்ப்யூட்டரில் பிராசஸரின் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன் அதை ஆற்றும். காதில் விழும் இரைச்சலில் பெரும்பங்கு அந்த ஃபேனுடையது. ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். எனவே ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்கிற நிலையை உண்டாக்குவதுதான் நம் வேலை. விலை உயர்ந்த ஃபேன் வாங்குவதெல்லாம் அப்புறம்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், கை பிசுபிசுக்கும். அதே பிசுக்கு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் படிந்து தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும். காற்று போகும் வழி அடைபட்டால் அதே குளிர்ச்சிக்கு ஃபேன் இன்னும் வேகமாக ஓட வேண்டும். மாட்டும்போதே இதையும் யோசித்து இடம் பார்க்க வேண்டும்.

இங்கே நான் சொல்வது ஏஐஓ எனப்படும், கம்பெனியிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வரும் வகை. முதன்முறை மாட்டுகிறவர்களுக்கு அதுவே போதும்.

1. அளந்து பாருங்கள்

240, 280, 360 என்ற எண்கள் எத்தனை ஃபேன், என்ன அளவு என்பதைச் சொல்கின்றன. 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், 280 என்றால் இரண்டு 140. இடம் இருந்தால் பெரியதையே எடுங்கள். பரப்பு கூடக் கூட ஃபேன் மெதுவாக ஓடலாம். ஆனால் நீளம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25 மி.மீ., ஆக மொத்தம் 52. கேபினெட்டின் மேல் தகட்டிலிருந்து மதர்போர்டு வரை, குறிப்பாக உயரமான ராம் இருக்கும் இடத்தில், அவ்வளவு இடைவெளி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

2. எங்கே மாட்டுவது?

என் ஓட்டு மேல்பக்கத்துக்கு, காற்றை வெளியே தள்ளும்படி. மூடிய அமைப்பிலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். அது எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அந்தக் காற்று அங்கேயே தங்கிவிடும். பிராசஸர் மேல் உட்காரும், தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்குள் புகுந்து கடகடவென்று சத்தம் போடாது. இன்னொன்று, முன்பக்க வலையில் தூசி ஓரளவு நின்ற பிறகே காற்று ரேடியேட்டருக்கு வருகிறது. கிராபிக்ஸ் கார்டின் சூடு அதன் வழியே போவதால் பிராசஸர் சில டிகிரி கூடக் காட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மேலே இடமில்லை என்றால் முன்பக்கம். அப்போது ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். டியூப் எட்டினால், அது ரேடியேட்டரில் சேரும் முனை கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். கேபினெட்டின் அடித்தளத்தில் மட்டும் வேண்டாம். காற்று நேராகப் பம்புக்கே போய்ச் சேரும்.

ஒரு விஷயம்: நம் வீட்டுக் கம்ப்யூட்டர் டேபிள்களில் கேபினெட்டுக்கென்று மூடிய மாதிரி ஒரு அறை இருக்குமே, அதில் வைத்தால் மேலே தள்ளிய சூடு திரும்ப உள்ளேதான் வரும். வெளியே எடுத்து வையுங்கள்.

3. ஃபேன் திசை

ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஓடவிட்டு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். மேல்பக்க அமைப்பில் ஃபேன் கீழே, ரேடியேட்டர் மேலே, சட்டம் ரேடியேட்டரைப் பார்த்தபடி.

4. ஸ்க்ரூ

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பெட்டியில் இரண்டு நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும். சுமார் 30 மி.மீ. நீளமானது ஃபேனைத் துளைத்துப் போய் ரேடியேட்டரைப் பிடிக்க. 25 ஃபேனுக்குள் போக, மிச்சம் 5 மி.மீ.தான் மரையில் ஏறும். குட்டையானது கேபினெட் தகட்டின் வழியாக ரேடியேட்டரைப் பிடிக்க. தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே நீளமானதைப் போட்டு முறுக்கினால் அதன் நுனி தண்ணீர் ஓடும் குழாயைக் கிழித்துவிடும். கூலர் முழுவதும் வீண். மரைத் துளைகளின் நேர் கீழே அந்தக் குழாய் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

பழைய டப்பாவில் கிடக்கும் ஸ்க்ரூவும் வேண்டாம். எம்3, எம்4, 6-32 என்று மரைகள் வேறு வேறு. மாறினால் மரை தேய்ந்துவிடும். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் விரலால் தளர்வாக ஏற்றி, பிறகு மூலைவிட்டமாக மாறி மாறி இறுக்குங்கள். கைக்குத் தடுத்ததும் நிறுத்திவிடுங்கள். ஃபேனின் மூலைகளில் ரப்பர் இல்லையென்றால், அதிர்வு தகட்டுக்கு ஏறாமலிருக்க மெல்லிய ரப்பர் வாஷர் போடலாம். ஆனால் வாஷரின் தடிமன் அளவுக்கு மரையில் பிடிப்பு குறையும், கவனம்.

5. வயரும் வேகமும்

பம்பின் வயரை மதர்போர்டில் பம்புக்கான இடத்தில் செருகி, பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டு செட்டிங் திரை) ஒரே வேகத்தில் வையுங்கள். பிராசஸர் சூடு ஒரு நொடியில் ஏறி இறங்கும். தண்ணீர் சூடாகப் பல நிமிடம் பிடிக்கும். ஃபேன் பிராசஸரைப் பார்த்து ஓடினால் பிரவுசர் திறக்கும்போதெல்லாம் உறுமும். உங்கள் கூலர் தண்ணீரின் வெப்பத்தைக் காட்டினால் அதையே ஃபேனுக்கு அளவாக வையுங்கள். காட்டாவிட்டால் பயாஸில் வேகம் ஏறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுங்கள். சும்மா இருக்கும்போது ஃபேனுக்கு நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று போதும். மேலே சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில் அது கேட்கவே கேட்காது.

அக்னி நட்சத்திரத்தில் அறையே 36 டிகிரி இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. வேலை அதிகமாகும்போது 45-ஐத் தொட்டால் பதற வேண்டாம். 60-ஐ நெருங்கவிடாதீர்கள்.

முதல் நாள் சலசலவென்று சத்தம் வரலாம். கேபினெட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் காற்று மேலேறி அடங்கிவிடும்.

6. சுத்தம்

மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தட்டிவிடுங்கள். பஞ்சர் கடை ஏர் அடிக்கவே கூடாது: தகடு மடங்கும், அந்தக் காற்றில் ஈரமும் இருக்கும். வீட்டு புளோயர் என்றாலும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.