விவாகரத்து ஆயிடுச்சா? முதலில் எஸ்.ஆரை (அரசு ஊழியரின் பணிப் பதிவேட்டை)ப் பாருங்கள்

நம்ம கொங்குப் பக்கம் இன்னமும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அத்து விட்டாச்சுங்க" என்று எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். இனத்து வழக்கம் என்றாலும் அதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும்.

நான் பென்ஷன் கோப்பு பார்த்த காலத்தில், கணவர் இறந்து பதினாறாம் நாள் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, முதல் மனைவியை அத்துவிட்ட பத்திரம். "பதினெட்டு வருசம் சோறாக்கிப் போட்டனுங்க" என்றார். எஸ்.ஆரில் முதல் மனைவியின் பெயர்தான் இருந்தது, சட்டப்படியும் அவர்தான் மனைவி. குடும்ப ஓய்வூதியம் இந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் முதல் வேலை, கோர்ட் தீர்ப்பு. இருவருக்கும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டம் 13பி-யில் மனுப் போடலாம், ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பென்ஷனில் பாதி தானாகப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. வருமானம், சொத்து எல்லாம் பார்த்துக் கோர்ட் ஜீவனாம்சம் முடிவு செய்யும். ஆனால் அதைக் கட்டாமல் இழுத்தடித்தால், பணியில் இருக்கும்போது சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரைகூட ஜப்தி ஆகலாம். சமரசம் எழுதும்போது "ரிட்டையர் ஆனதும் தருகிறேன்" என்று எழுதாமல், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.

சரி, தீர்ப்பு வந்தாச்சு. சான்றிட்ட நகலோடு அலுவலகத் தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்து எஸ்.ஆரில் பதியச் சொல்லுங்கள். ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை, குடும்ப நல நிதி என்று ஒவ்வொன்றுக்கும் நாமினேஷன் தனித்தனி, தீர்ப்பு வந்தவுடன் அந்தத் தாளில் இருக்கும் பெயர் தானாக மாறிவிடாது. 1-4-2003 முதல் சேர்ந்த சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) ஆட்களும் அவர்கள் கணக்கில் இதைப் பார்க்க வேண்டும். ரிட்டையர் ஆனவர் என்றால் கருவூலத்துக்கும் சொல்ல வேண்டும்.

கோபத்தில் குழந்தைகள் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அம்மாவிடம் வளர்ந்தாலும் அவர்கள் உங்கள் குழந்தைகள்தான், 25 வயது வரை குடும்ப ஓய்வூதியத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு.

விண்ணப்பம் கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடாமல், பதிவு விழுந்த பக்கத்தைக் கண்ணால் பார்த்து ஒரு ஜெராக்ஸ் வாங்கி வையுங்கள்.