வலைக் களத்தில் வேலி விழுந்தால்: கிராம சபையில் கேட்கும் முறை

வலை காயப்போடும் களத்திலோ ஊருணிக் கரையிலோ திடீரென்று கம்பி வேலி முளைத்தால், வாட்ஸ்அப்பில் எழுதும் முன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இந்தச் சண்டை பெரும்பாலும் கெட்டுப்போவது, நிலம் எது என்பதை விட்டு ஆள் யார் என்று இறங்குவதால்தான்.

அரசின் இ-சேவை நிலப் பதிவேட்டுத் தளத்தில் அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதப்பட்ட பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டையும் எடுங்கள். வகைப்பாடு புறம்போக்கு என்றால் மேலே போகலாம். கிராம நத்தம் என்றால் நிதானம் வேண்டும். அது குடியிருப்புக்கான நிலம், ஆக்கிரமிப்பு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பு யு.டி.ஆர். பட்டாவை (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில் தந்த பட்டா) நீட்டினால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் கட்டடம் எழும்பினால், பட்டா இருந்தாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அந்தப் புகார் கலெக்டருக்கு.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தொண்டி, மண்டபம் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபைதான். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும். இல்லையென்றால் கோரம் இல்லை என்று கலைத்துவிடுவார்கள்.

இனி பேச்சு. "தலைவரின் மச்சான் நிலத்தை அமுக்கிவிட்டார்" என்றால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. "இந்த சர்வே எண் அ-பதிவேட்டில் புறம்போக்கு. இப்போது அதில் வேலி உள்ளது. சர்வேயர் அளந்து எல்லை காட்ட வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க யாருக்கும் வாய் வராது. அவதூறு வழக்குக்குப் பயந்து வாயை மூடவும் வேண்டாம். பொது ஊழியரின் அலுவல் நடத்தையை நல்லெண்ணத்தோடு விமர்சிப்பதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன்னை இழிவுபடுத்தியதாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1994-இல் ஆர்.ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாதி, மதப் பெயர் மட்டும் வாய்ஸ் மெசேஜில்கூட வரக் கூடாது. வந்தால் நிலம் பின்னால் போய், சட்டம் ஒழுங்கு முன்னால் வந்துவிடும். வேலி போட்டவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கலையும் முன் தீர்மானத்தை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மான எண்ணோடு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். அந்த நகலோடு தாசில்தாருக்கு மனு கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தில் முதலில் பிரிவு 7 நோட்டீஸ், பிறகு பிரிவு 6-இல் வெளியேற்றும் உத்தரவு. நோட்டீஸ் கொடுக்காமல் ஜேசிபி வந்தால் கைதட்டாதீர்கள், எதிர்த்தரப்பு தடை வாங்கிவிடும். தாசில்தார் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அங்கே வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த முத்திரைப் பிரதியை.