கைபேசி சொல்லும் வீட்டு விலை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ வீடு பார்க்கப் போகிறீர்களா? இணையதளம் காட்டும் உத்தேச விலையை முதலில் பார்க்காதீர்கள். ஒருமுறை பார்த்த எண் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பேரம் அதைச் சுற்றியே நடக்கும். விற்பவரும் அதைத்தான் காட்டுவார். இப்படித்தான் வெறும் கணிப்பு மெல்ல விலையாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2006 முதல் இத்தகைய கணிப்பை வெளியிட்டுவரும் ஜில்லோ நிறுவனமே, விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021-இல் வீடு வாங்கி விற்கும் தொழிலைக் கைவிட்டது.

அதற்குப் பதில், தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பை, பாருங்கள். அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்க விவரத்தையும் (அந்த இடத்தில் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) தேடுங்கள். ‘கைமாற்றுத் தொகை’ என்ற இடத்தில் பத்திரத்தில் எழுதிய தொகை இருக்கும். பலர் உண்மையில் கொடுத்த விலையை எழுதாமல் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதுவதால், அண்மையில் வாங்கிய இரண்டு பேரிடம் நேரில் கேட்பது இன்னும் நல்லது.

முக்கியமாக, 2015-இலும் 2024 டிசம்பரிலும் கடலூரை வெள்ளம் சூழ்ந்தது. கெடிலம், தென்பெண்ணைக் கரையோரத்தில் வாங்குகிறீர்கள் என்றால், தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.