வகுப்பு, கோர்ட், ஆய்வு: மூன்றையும் சேர்த்து நடத்த நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும், கோர்ட்டில் வாதாட வேண்டும், இதற்கு நடுவே உருப்படியாக நாலு ஆய்வுக் கட்டுரையாவது எழுத வேண்டும். சட்டம் படித்தவர்களில் இந்த மூன்று ஆசையும் ஒன்றாகக் கொண்டவர்கள் நிறையப் பேர். முன்மாதிரியாக அம்பேத்கரைக் காட்டுவார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தபடியே சட்டம் கற்பித்தவர் அவர். 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராகவும் ஆனார். எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவர் பாடம் எடுத்த காலத்தில், வக்கீல் தொழிலுக்கு விதி வகுக்கும் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இல்லை, கல்லூரி ஆசிரியர்களுக்கு விதி வகுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இல்லை. இன்றைக்கு அதே வழியில் கிளம்புகிறவர் முதலில் இந்த இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

சம்பளமும் சன்னதும்

சன்னது என்பது வக்கீலாகத் தொழில் செய்யத் தரும் பதிவுச் சான்று. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-ஆம் விதி தெளிவானது. தொழில் செய்யும் வழக்கறிஞர் யாரிடமும் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்த வேண்டும். டாக்டர் தொழிலையும் வக்கீல் தொழிலையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று 1996-இலும், மின்வாரியத்தில் சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரி வழக்கறிஞராகப் பதிவில் நீடிக்க முடியாது என்று 2001-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் முழுநேரச் சட்ட ஆசிரியர்களுக்கும் இதே கதிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது.

இவ்வளவு இருந்தும் நடப்பது என்ன? உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்ததும், "பேர் ரோலில் இருந்துட்டுப் போகட்டும், யாரு கேக்கப் போறா" என்று பதிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தெரிந்த ஜூனியர் பெயரில் வக்காலத்து, மனுவைத் தயாரிப்பது இவர், விடுமுறை நாளில் கட்சிக்காரரைப் பார்ப்பதும் இவர். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் தோற்ற கட்சிக்காரரோ, பதவி உயர்வில் போட்டியிடும் சக ஊழியரோ ஒரு புகார் எழுதினால் போதும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை ஒரு பக்கம், கல்லூரியின் பணி விதிகள் மறுபக்கம். ஜூனியரும் சேர்ந்து மாட்டுவார். அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. மத்திய அரசு 1979-இல் கொண்டுவந்த விதிகளின்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்வி நிறுவனத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். அந்த வேலைக்கு என்ன பெயர் வைத்தாலும், சம்பளத்தை எந்த வகையில் கொடுத்தாலும், அது பகுதி நேர வேலையாகவே கருதப்படும்.

இந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டுதான் சிலர் சாமர்த்தியம் காட்டுகிறார்கள். "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பீரியட்தானே, அதனால் முழுநேரப் பதவியில் இருந்துகொண்டே கோர்ட்டுக்கும் போகலாம்" என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி வழக்கறிஞருக்கு வகுப்புக்குள் போக வழிவிடுகிறதே தவிர, பேராசிரியருக்குக் கோர்ட்டுக்குள் வர வழிவிடவில்லை. தவிர, மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை, தினமும் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருப்பு என்று சொல்கின்றன. ஐந்தையும் மூன்றையும் எப்படிப் பொருத்தினாலும் பொருந்தாது.

ஆகவே பகுதி நேரம் என்றால் பணி நியமனக் கடிதத்திலேயே 'பகுதி நேரம்' என்றும் மணிக்கணக்கும் எழுத்தில் இருக்கட்டும். முதல்வர் வாயால் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது.

பகுதி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பல வருடம் மணிக்கணக்கில் மதிப்பூதியம் வாங்கிப் பாடம் எடுத்தவர்கள், நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவமெல்லாம் கணக்கில் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். தற்காலிகப் பணிக்காலம் கணக்கில் வர வேண்டுமானால், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் அப்போது வாங்கியிருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன 2018 விதிமுறைகளில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று. மணிக்கணக்குக் காசு அந்த உயரத்தை எட்டாது. அதனால் முதுகலையில் 55 சதவீதம், ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி, முடிந்தால் முனைவர் பட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

2022-இல் மானியக் குழு கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' பதவியைக் கொல்லைப்புற வழியாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள துறை வல்லுநர்களுக்கானது அது. அனுமதிக்கப்பட்ட நிரந்தர இடங்களில் அதைச் சேர்க்க மாட்டார்கள். நீட்டிப்போடு சேர்த்து அதிகபட்சம் நான்கு ஆண்டுதான்.

எது முதலில்

மூன்றையும் ஒரே வயதில், ஒரே வாரத்தில், ஒரே வேகத்தில் செய்யப் பார்ப்பது அடுத்த தவறு. என் கணிப்பில் இதுதான் மிகப் பெரிய தவறும்கூட. எந்தக் கட்டத்திலும் ஒன்று பிரதானமாக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் அதற்கு ஏற்பத் தம்மைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் சில வருடம் விசாரணை நீதிமன்றத்தில் கழிந்தால் நல்லது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும், ஆவணத்தைச் சான்றாகக் குறியீடு செய்வதும், வாய்தா ஏன் இத்தனை தடவை விழுகிறது என்பதும் எந்தப் பாடநூலிலும் முழுசாக வராது. பின்னால் சாட்சியச் சட்டம் நடத்தும்போது இந்த வருடங்கள்தான் கை கொடுக்கும். ஆனால் பாடம் எடுக்க ஆரம்பித்த பிறகு அதே விசாரணை வழக்குகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வம்பு. சாட்சி கூண்டில் நிற்கிறார், பதினோரு மணிக்கு வகுப்பு. இரண்டில் ஒன்றை ஏமாற்றியே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தில் ரிட் மனுக்கள், மேல்முறையீடுகள், தீர்ப்பாய வழக்குகள், எழுத்து மூலமான சட்டக் கருத்து போன்றவைதான் ஒத்துவரும். அவற்றில் உழைப்பில் பெரும்பகுதி மேசையில் நடப்பது, இரவிலும் செய்யலாம்.

சென்னைக்காரர்கள் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்த காலத்தில், காலையில் வகுப்பை முடித்துவிட்டு 10.30-க்கு கோர்ட் அமர்வதற்குள் நடந்தே போய்விடலாம். 2018-இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் போய்விட்டது. விதிப்படி மூன்று மணி நேரம்தான் வகுப்பு, ஆனால் போய் வருவதோடு அன்றைய நாளே முடிந்துவிடும். இதை யோசிக்காமல் ஒப்புக்கொண்டு, வாரம் இரண்டு வகுப்பை ரத்து செய்கிற 'பெரிய வக்கீல்' ஆசிரியர்களை மாணவர்கள் முதல் மாதத்திலேயே எடை போட்டுவிடுகிறார்கள்.

வகுப்பில் வழக்குக் கதை

கோர்ட்டிலிருந்து வரும் ஆசிரியரை மாணவர்களுக்குப் பிடிக்கும். அவரிடம் கதை இருக்கிறது. ஆபத்தும் அதிலேதான். ஒரு மணி நேரம் முழுக்க "அந்த ஜட்ஜ் முன்னாடி நான் எழுந்து நின்னேன் பாரு" என்று போனால் பாடம் நடக்கவில்லை என்று அர்த்தம். முழுநேர ஆசிரியர்களில் சிலரிடம் இதற்கு நேரெதிரான நோய் இருக்கிறது, பழைய நோட்ஸை விட மாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனை பழைய 302-ஆம் பிரிவிலிருந்து புதிய 103-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அதே சமயம் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், விசாரணை நீதிமன்றங்களில் இரண்டும் அருகருகே ஓடிக்கொண்டிருக்கின்றன. கோர்ட்டுக்குப் போகிற ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியது இந்த நிலவரத்தைத்தான்.

இன்னொன்றை வெளிப்படையாகப் பேசுவதில்லை. தன் வழக்குக்கு வேண்டிய தீர்ப்புகளைத் தேடும் வேலையை அசைன்மென்ட் என்ற பெயரில் மாணவர் தலையில் கட்டுவது. மதிப்பெண் கையில் இருப்பவர் கேட்டால் மாணவர் எப்படி மறுப்பார்? ஆராய்ச்சி உதவி வேண்டுமானால் வகுப்புக்கு வெளியே, விருப்பம் கேட்டு, காசு கொடுத்து, உழைத்தவர் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் சட்ட உதவி மையத்துக்கு வரும் ஏழைக் கட்சிக்காரரைத் தன் அலுவலகத்துக்குத் திருப்பிவிடுவது அதைவிட மோசம்.

வாதுரையைக் கட்டுரை ஆக்குவது

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றும். கோர்ட்டில் தாக்கல் செய்த எழுத்துமூல வாதத்தில் 'மனுதாரர்' என்பதை எடுத்துவிட்டு, நாலு அடிக்குறிப்பு சேர்த்து இதழுக்கு அனுப்புவது. படிக்கிறவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வாதுரை தனக்கு எதிரான தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போகும். ஆய்வு அதே தீர்ப்பிடம் போய் முதலில் உட்கார வேண்டும்.

1965-இல் ஜெர்மன் அறிஞர் டீட்டர் கொன்ராட், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டா என்பது பொருள். எந்தக் கட்சிக்காரருக்காகவும் தயாரித்த உரை அல்ல. சென்னையில் தொழில் செய்து பெயர் பெற்ற எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை 1967-இல் கோலக்நாத் வழக்கில் எடுத்து வைத்தார். அதில் வலு இருக்கிறது என்ற அளவில் நீதிமன்றம் விட்டுவிட்டது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா கொன்ராடைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டினார். அரசியலமைப்பின் ஆதாரக் கூறுகளை நாடாளுமன்றம் திருத்தியும் அழிக்க முடியாது என்கிற 'அடிப்படைக் கட்டமைப்பு' கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது. யாருக்கும் வக்காலத்து வாங்காத எழுத்து என்பதுதான் கொன்ராட் உரையின் பலம் என்று நினைக்கிறேன்.

அதற்காக, நடத்திய வழக்கைப் பற்றி எழுதவே கூடாது என்பதில்லை. எந்தத் தரப்புக்கு ஆஜரானீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். அதை மறைத்துவிட்டு, அந்தக் கட்டுரையையே அடுத்த வழக்கில் 'அறிஞர் கருத்து' என்று தானே மேற்கோள் காட்டுவது அப்பட்டமான மோசடி. கட்சிக்காரர் தனியாகச் சொன்ன விஷயம் வழக்கு முடிந்து பல வருடம் ஆனாலும் ரகசியம்தான். முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த இந்தக் கடமை இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 132-இல் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பார்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் டீக்கடையில் இருப்பவர் யாரென்று சொல்லிவிடுவார். தீர்ப்பிலும் பொது ஆவணத்திலும் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரமான ஆய்விதழ்கள் என்று மானியக் குழு ஏற்றவற்றின் கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்ட பிறகு, இதழின் தரத்தை எடை போடும் பொறுப்பு நிறுவனங்கள் மீதும் எழுதுபவர் மீதும் விழுந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் யார், அவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியுமா என்று பாருங்கள்.

கோட்டு இல்லாமலும் கோர்ட்

முழுநேர ஆசிரியர் ஆனால் நீதிமன்றத்தோடு உறவே அறுந்துவிடும் என்று பயந்துதான் பலர் திருட்டுத்தனமாகத் தொழிலைத் தொடர்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. 1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் மதுரா என்ற பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்முறை செய்த வழக்கில் போலீஸ்காரர்களை விடுவித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டித்துத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய இயக்கம் 1983-இல் பாலியல் வன்முறைச் சட்டத்தையே திருத்த வைத்தது. ஆக்ரா காப்பகத்தில் பெண்கள் அடைபட்டுக் கிடந்த நிலை குறித்து 1981-இல் பக்ஷியும் லோதிகா சர்க்காரும் அனுப்பிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாகவே எடுத்துக்கொண்டது. இருவரும் அதில் மனுதாரர்கள். வக்காலத்து எதுவும் தேவைப்படவில்லை. குறிப்பிட்ட ஒரு வழக்கில் மட்டும், பதிவு இல்லாதவரையும் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவும் சொல்கிறது. அது நீதிமன்றத்தின் விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது.

கடைசியாக, முதலில் செய்ய வேண்டிய ஒரு காரியம். எல்.எல்.பி. முடித்த கையோடு எல்.எல்.எம்., நெட், முனைவர் பட்டம் என்று போகிறவர்கள் வழக்கறிஞர் பதிவையும், தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வையும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முப்பத்தைந்து வயதில் கோர்ட் ஆசை வரும்போது அந்தத் தேர்வு முன்னால் நிற்கும். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் பணமும் பெரிய தடையில்லை. பதிவு செய்து, தேர்வையும் எழுதிவிடுங்கள். முழுநேரக் கல்லூரி வேலை கிடைத்தால் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துத் தொழிலை நிறுத்தி வையுங்கள். வேலையை விட்டு வரும்போது மறுபடி விண்ணப்பித்துத் தொடரலாம். அந்தக் கடிதத்தின் நகலையும், பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.